உப்பிலிட்ட காய்களை வீட்டில் உலர்த்துதல்: சில சோதனைகள்

பச்சை மிளகாய் மும்முரமாய்க் காய்க்கும் வாரங்களில் அதன் விலை பறிப்புக் கூலிக்கும் கட்டாத நிலைக்கு இறங்கிவிடுவதை மிளகாய் பயிரிடும் அங்கத்தினர் யாவரும் அனுபவத்தில் அறிவார்கள். சுண்டைக்காய், கொத்தவரை, நார்த்தங்காய் முதலியவற்றின் கதியும் ஏறக்குறைய அதுவே. அப்பொழுது காயை உப்பிலும் மோரிலும் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி வைத்துக்கொள்வது நமது வீடுகளில் நெடுங்காலமாய் நடந்துவரும் வழக்கம். ஆகையால் மோர்மிளகாய் போடுவது எப்படி என்று நம் பெண்மக்களுக்கு இக்கட்டுரை கற்பிக்கத் தேவையில்லை. கற்பிக்க முற்பட்டால் அவர்கள் நகைப்பார்கள். இங்கே சொல்ல வந்தது வேறு. வீட்டுக்கென்று இரண்டு கிலோ போடுகிற கை, சங்கத்தின் மூலமாக விற்பதற்கு நாற்பது கிலோ போடத் துணியும்போதும், உப்பைக் குறைத்துத் தரும்படி வாங்குவோர் கேட்கும்போதும், பழைய கைப்பழக்கம் எவ்வளவு தூரம் துணைவரும், எந்த இடத்தில் கைவிட்டுவிடும் என்பதே விஷயம்.

இதை எழுதுகிறவனுக்கு நூலறிவைக் காட்டிலும் நஷ்டத்தால் வந்த அறிவே அதிகம். சில வருஷங்களுக்கு முன் எங்கள் ஊரில் ஏழு வீட்டுப் பெண்கள் சேர்ந்து 40 கிலோ குண்டு மிளகாயை மோர்மிளகாயாகப் போட்டார்கள். அத்தனையையும் கீறுவதானால் கை எரிச்சல் தாங்காது என்று காம்படியில் ஊசியால் ஒரு குத்துக் குத்தியதோடு நிறுத்திக்கொண்டார்கள். உப்பும் வழக்கத்தில் பாதியாக, 2 கிலோவே சேர்த்தார்கள். ஐந்தாம் நாள் மாலை நான் ஒரு கை அள்ளிப் பார்த்தேன், சலசலவென்று ஒலித்தது. “காய்ந்துவிட்டது, கட்டலாம்” என்று சொன்னவன் நானே. கட்டும்போது எடை 11½ கிலோ நின்றது. நல்ல எடை நிற்கிறதே என்று சந்தோஷமும் பட்டோம். மூன்றாவது வாரத்தில் பைகளைப் பிரித்தபோது, வெளித்தோல் கெடாமல் பொன்னிறமாகவே இருந்தது. உடைத்துப் பார்த்தால் விதையைச் சுற்றிச் சாம்பல் நிறப் பூசணம். நாற்பது கிலோவும் குழியில் போயிற்று. அந்த ஏழு வீடுகளுக்கும் நான் சொன்ன சமாதானம் எதுவும் போதுமானதாக இருக்கவில்லை.

கெட்டதற்குக் காரணம் அந்தப் பதினொன்றரைக் கிலோவிலேயே எழுதியிருந்தது. அதைப் படிக்கத்தான் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதைப் படிக்கும் வகையே பின்வருவது.

உப்பும் வெயிலும் செய்யும் வேலை

காய் கெடுவது அதிலுள்ள நீரால். பாக்டீரியாக்களும் பூசணங்களும் ஜீவிப்பதற்கு நீர் வேண்டும். அந்த நீர் அவை எடுத்துக்கொள்ளத்தக்கதாகவும் இருக்கவேண்டும். வெயில் நீரை வெளியேற்றுகிறது. உப்போ, வெளியேறாத நீரைத் தன்னோடு கட்டிப் பிடித்துக்கொண்டு, கிருமிகளுக்குக் கிடைக்காமல் செய்கிறது. 100 கிராம் நீர் ஏறக்குறைய 36 கிராம் உப்பைக் கரைத்துக்கொள்ளும். அதற்குமேல் போட்ட உப்பு கரையாமல் அடியில் தங்கும். அப்படி உப்பு நிறைவுற்ற நீரில் உணவைக் கெடுக்கும் பாக்டீரியாக்களில் அநேகமாக ஒன்றும் பெருக முடியாது. வறட்சியைத் தாங்கும் சில பூசணங்கள் மாத்திரம் அதிலும் மெதுவாக வளரும். அவற்றையும் தடுப்பதற்கு வெயில் இன்னும் வேலை செய்தாக வேண்டும்.

மோரின் புளிப்பு இவ்விரண்டுக்கும் முன்னே நின்று காவல் செய்கிறது. ஊறும் இரண்டு மூன்று நாட்களில் உப்பு இன்னும் நிறைவுறவில்லை, வெயிலும் படவில்லை. அந்த இடைவெளியில் தயிரிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் லாக்டிக் அமிலமே கெட்ட கிருமிகளை விலக்கி வைக்கிறது. ஆதலால் நன்றாய்ப் புளித்த மோரையே உபயோகிக்க வேண்டும். புளிக்காத மோரில் நீர் விளாவி ஊறவைப்பது தவறு.

பகலில் மிளகாயை எடுத்து உலர்த்தி, மாலையில் மீதி மோரிலேயே திரும்பப் போட்டு, மோர் முழுவதும் வற்றும்வரை இவ்வாறு செய்துவரும் நமது பழைய வழக்கம் மிகவும் நுட்பமானது. பகலில் நீரை இழந்த காய் இரவில் பஞ்சைப்போல் மோரை உறிஞ்சுகிறது. உறிஞ்சும்போது உப்பும் புளிப்பும் உள்ளே இறங்குகின்றன. மறுநாள் வெயில் நீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை உள்ளேயே விட்டுவிடுகிறது. இவ்வாறு நாளுக்கு நாள் உட்புறம் உப்பேறுகிறது. ஆனால் இது நடக்க வாசல் வேண்டும். மிளகாயின் தோலில் மெழுகு போன்ற பூச்சு உண்டு. அதன் வழியே நீர் வெளியே வருவதும் மோர் உள்ளே போவதும் மிகச் சொற்பம். கீறினால்தான் இரண்டும் நடக்கும். எங்கள் மிளகாயில் உப்பு தோலோடு நின்றது, ஈரம் விதையோடு நின்றது. நடுவே பூசணத்துக்கு இடமும் கிடைத்தது. கை எரிச்சலுக்கு ரப்பர் கையுறை இப்பொழுது மலிவாய்க் கிடைக்கிறது. நுனியிலிருந்து முக்கால் நீளம் கீறுவதே முறை. காம்பைக் கிள்ள வேண்டாம்.

எடையைக்கொண்டு அறிதல்

கையால் தொட்டும் காதால் கேட்டும் அறியும் பக்குவம், வருஷந்தோறும் ஒரே அளவில், ஒரே உப்பில், ஒரே வெயிலில் போடுகிறவர்களுக்குத் தவறாது. இவற்றில் ஒன்று மாறினாலும் தவறும். தராசோ ஒருபொழுதும் தவறாது. இதற்கு ஒரு கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசு ஒன்று போதும்.

கணக்கு இப்படி. பச்சை மிளகாயில் நூற்றுக்கு ஏறக்குறைய 88 பங்கு நீர். ஆகவே 1 கிலோ மிளகாயில் நீரல்லாத பொருள் உத்தேசம் 120 கிராம். அதற்கு அரை லிட்டர் கெட்டி மோர் சேர்த்தால் மோரிலுள்ள சத்து உத்தேசம் 25 கிராம். உப்பு வழக்கப்படி 100 கிராம். மோர் முழுவதையும் காய் உறிஞ்சிவிடுவதால் இம்மூன்றும் காயிலேயே தங்கும். கூட்டினால் 245 கிராம். இவற்றில் எதுவும் ஆவியாய்ப் போகாது, போவதெல்லாம் நீர். உலர்ந்த சரக்கில் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஈரம் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால் முடிவு எடை 272 கிராம் ஆகிறது. சுருங்கச் சொன்னால், கிலோவுக்கு 270 கிராம் அளவுக்கு இறங்கும்வரை வெயில் வேலை முடியவில்லை.

இனி எங்கள் 40 கிலோவைப் பார்ப்போம். மிளகாயின் உலர்பொருள் 4 கிலோ 800 கிராம், உப்பு 2 கிலோ, மோரின் சத்து 1 கிலோ. ஆக 7 கிலோ 800 கிராம். முடிவு எடை 8 கிலோ 700 கிராமுக்கு அருகில் இருந்திருக்க வேண்டும். நாங்கள் கட்டியதோ 11½ கிலோ. ஏறக்குறைய 3 கிலோ வேண்டாத நீரைப் பையில் அடைத்து, நல்ல எடை என்று சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

நிலத்துக்கு நிலம், ஜாதிக்கு ஜாதி மிளகாயின் நீரளவு சற்று மாறும். அதை அறிய விரும்புவோர் உப்பிடாத மிளகாய் 100 கிராமை மெல்லியதாய் நறுக்கி, ஒரு தட்டில் பரப்பி, நல்ல வெயிலில் வைத்து, அடுத்தடுத்து இரண்டு முறை நிறுத்தும் எடை மாறாத வரையில் உலர்த்திப் பார்க்கலாம். மிஞ்சியது 14 கிராமானால், அதில் ஒன்றரைக் கிராம் அளவு இன்னும் ஈரமென்று கழித்துவிட்டு மீதியை உலர்பொருளாகக் கொள்க. கொத்தவரை, சுண்டை, பாகல் முதலிய மற்றக் காய்களுக்கும் இவ்விதமே தனித்தனி அளவு கண்டு சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

உப்பைக் குறைத்தால்

உப்பைக் குறைக்கும்படி கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. மேலே கண்ட கணக்கின்படி முடிந்த சரக்கில் நூற்றுக்கு 37 பங்கு உப்பே. பச்சையில் 5 கிராம் இருந்த ஒரு மிளகாய் உலர்ந்தபின் அரைக் கிராம் உப்பை வைத்திருக்கும். ஒரு வேளைக்கு ஐந்து மிளகாய் வறுத்துத் தின்றால் 2½ கிராம் உப்பு. பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் மோர்மிளகாய் ஜாடியை ஒளித்து வைக்கிறார்களென்றால் அதில் ஆச்சரியமில்லை.

ஆனால் உப்பைக் குறைக்கும்போது எதை இழக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். கிலோவுக்கு 100 கிராம் உப்புப் போட்டால், காயின் எடை 523 கிராமுக்கு இறங்கியவுடனே மீதியுள்ள 278 கிராம் நீரும் உப்பால் நிறைவுற்றுவிடும். ஆபத்தின் பெரும்பகுதி அப்பொழுதே கழிந்தது. 60 கிராம் உப்பானால் அந்த நிறைவு வருவதற்கு எடை 372 கிராம் வரை இறங்க வேண்டும். 30 கிராமானால் 258 கிராம் வரை. அதாவது உப்பு குறையக் குறைய, காவலில்லாமல் நிற்கும் நாட்கள் நீளுகின்றன. உப்பைக் குறைப்பவர் வெயிலை அதிகப்படுத்த வேண்டும். அல்லது காயைச் சிறிதாய் நறுக்கி விரைவில் உலரும்படி செய்யவேண்டும். இரண்டும் கூடாதென்றால் உப்பைக் குறைக்கலாகாது.

மற்றொன்று. உப்பைக் காயின் எடைக்கு மட்டும் கணக்கிடுவது பொதுவான பிழை. மோரின் நீரையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். 1 கிலோ மிளகாயிலும் அரை லிட்டர் மோரிலுமாக நீர் ஏறக்குறைய 1,355 கிராம். அதில் 100 கிராம் உப்பு என்றால் கரைசல் நூற்றுக்கு ஏழு பங்குக்கு அருகில்; 60 கிராம் என்றால் நாலு பங்குக்குச் சற்று மேல்; 30 கிராம் என்றால் இரண்டுக்குச் சற்று மேல். நமது உஷ்ண தேசத்தில் இரண்டு பங்குக் கரைசலில் மூன்று நாள் காய் ஊறுவது எனக்குச் சம்மதமில்லை. சோதனைக்குக்கூட 50 கிராமுக்குக் கீழே போகவேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ஊறவைத்து உலர்த்துவது நமக்கு மாத்திரம் உரிய வித்தையன்று. ஜப்பானில் ஊமே என்னும் புளிப்புப் பழத்தை அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உப்பில் சில வாரம் ஊறவைத்து, மழைக்காலம் ஓய்ந்ததும் மூன்று நாள் வெயிலில் உலர்த்துகிறார்கள். அது வருஷக்கணக்கில் கெடுவதில்லை. சமீப காலத்தில் உப்பைக் குறைத்துச் செய்யும் ஊமேயைக் குளிர்ப்பெட்டியில் வைத்துத்தான் காப்பாற்றுகிறார்கள். நேபாளத்தில் கடுகுக்கீரை, முள்ளங்கிக்கீரை முதலியவற்றை உப்பே இல்லாமல் பானையில் அழுத்திப் புளிக்கவைத்து, பிறகு வெயிலில் உலர்த்திக் குந்துருக் என்ற வற்றலாக்குகிறார்கள். மெல்லிய கீரையாதலாலும், மலைப்பிரதேசத்துக் குளிர்கால வறட்சியாலும் அது விரைவில் உலர்ந்துவிடுகிறது. கடலோரத்துப் புழுக்கத்தில் தடித்த மிளகாயை அவ்வாறு செய்ய எண்ணினால் இரண்டாம் நாளே நாற்றம் வீசும்.

சோதனை செய்யும் வகை

ஒரு பருவத்துச் சரக்கு முழுவதையும் புதுமுறைக்கு ஒப்புக்கொடுப்பது சோதனையாகாது, அது சூதாட்டம். அரைக் கிலோ வீதம் மூன்று பங்கு எடுத்துக்கொள்க. ஒரு பங்கை வழக்கமான உப்பளவில் போடுக. இதுவே மற்றவற்றுக்குச் சாட்சி. இரண்டாவதற்குச் சற்றுக் குறைவாகவும், மூன்றாவதற்கு இன்னும் குறைவாகவும் உப்பிடுக. மோர், கீறும் அளவு, உலர்த்தும் இடம் ஆகிய மற்ற யாவும் மூன்றுக்கும் ஒன்றாகவே இருக்கவேண்டும். உப்பையும் மாற்றி, கீறுவதையும் மாற்றினால், விளைவு எதனால் வந்ததென்று சொல்ல வழியிராது. எங்கள் நாற்பது கிலோவில் நாங்கள் செய்ததும் இதே பிழைதான்.

தினமும் மாலையில், மோரில் திரும்பப் போடுவதற்கு முன், ஒவ்வொரு பங்கையும் நிறுத்து நோட்டில் எழுதுக. வானம் எப்படியிருந்தது என்பதையும் ஒரு சொல்லில் குறித்துக்கொள்க. மோர் வற்றியபின் எடை நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வரும். முதலில் விரைவாகவும் பிறகு மெதுவாகவும் இறங்கும். கடைசியில் நாளொன்றுக்கு இரண்டு மூன்று கிராமே குறையும். அவசரக்காரர்கள் கெடுவது அந்த இடத்திலேதான். வெளித்தோல் காய்ந்து இறுகிவிட்டதால் உள்ளீரம் வெளியேறத் தாமதிக்கிறது. தாமதத்தைக் காய்ந்துவிட்டதென்று தவறாக எண்ணிக்கொள்கிறோம்.

முடிவு எடை வந்ததும் ஒவ்வொரு பங்கையும் தனித்தனிக் கண்ணாடிப் புட்டியில் முக்கால் அளவு போட்டு, இறுக மூடி, ஒரு வாரம் நிழலில் வைத்து, தினமும் ஒருமுறை குலுக்குக. புட்டியின் உட்புறத்தில் ஒரு துளி ஈரம் படிந்தாலும் சரக்கை மீண்டும் வெயிலுக்கு எடுத்துச் செல்லவேண்டும். இந்த ஒரு வாரத்தில் அதிகம் காய்ந்ததும் குறைவாய்க் காய்ந்ததும் ஈரத்தைத் தம்முள் பங்கிட்டுக்கொள்ளும்.

இதனோடு மற்றொரு சிறு பரீட்சையும் உண்டு. தானியத்தின் ஈரத்தை அறிய மக்காச்சோளம் பயிரிடுவோர் கையாளுவது இது. இரும்பல்லாத சட்டியில் நன்றாய் வறுத்து ஆறவைத்த பொடியுப்பை ஒரு சிறு மெல்லிய துணியில் முடிந்து, புட்டியினுள் காயைத் தொடாதபடி நூலில் தொங்கவிடுக. புட்டிக்குள்ளிருக்கும் காற்றின் ஈரம் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேற்பட்டால் உப்பு நனைந்து கட்டிக்கொள்ளும். அப்படியானால் சரக்கு நிச்சயமாய்ப் பக்குவப்படவில்லை. ஆனால் உப்பு உதிரியாய் நின்றதை மட்டும் வைத்துக்கொண்டு பக்குவமென்று தீர்த்துவிடலாகாது. அதற்கும் குறைந்த ஈரத்தில் முளைக்கும் பூசணங்கள் உண்டு. இது குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியேயன்றிக் குற்றமின்மையை நிரூபிக்கும் சாட்சியன்று. எடையும் உப்பு முடிச்சும் உடைத்துப் பார்ப்பதும் மூன்றும் ஒத்துவரவேண்டும்.

உடைத்துப் பார்ப்பதென்றால் மேலாக இரண்டு எடுத்துப் பார்ப்பதல்ல. குவியலின் நடுவிலிருந்து பெரிய காய்களாகப் பத்து எடுத்து உடைக்கவேண்டும். தோல் முறியவேண்டும், விதைகள் ஒட்டாமல் உதிரவேண்டும், விதை பற்றியிருக்கும் நடுநரம்பு வளையாமல் ஒடியவேண்டும்.

உலர்த்தும் இடமும் பாத்திரமும்

தெருவோரத்திலும் சாணமிட்ட களத்திலும் பரப்பும் வழக்கத்தை விட்டுவிடுவோம். கயிற்றுக் கட்டிலின்மேல் வெளுத்த துணி விரித்துப் பரப்பினால் கீழிருந்தும் காற்று ஊடுருவும். மண்ணும் கோழியும் அணுகா. மேலே கொசுவலைத் துணி ஒன்று போதும். மாலையில் சூரியன் மறையுமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். உப்பேறிய காய் இரவுக் காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். பனி பெய்யும் இரவில் பகல் முழுவதும் போனதில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடுவதைத் தராசில் பார்க்கலாம்.

இரும்பு, பித்தளை, அலுமினியம் ஆகியவற்றை உப்பும் புளிப்பும் அரிக்கும். ஊறவைப்பதற்குப் பீங்கான் அல்லது கண்ணாடி ஜாடி. உலர்த்துவதற்கு மூங்கில் தட்டு, துணி, அல்லது எவர்சில்வர் வலை. மின் உலர்த்தி வைத்திருப்போர் 55 முதல் 60 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்துக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. அதிக உஷ்ணத்தில் தோல் முதலில் இறுகி உள்ளீரத்தை அடைத்துவிடும், நிறமும் கறுக்கும். உப்பு நீர் சொட்டி இயந்திரத்தினுள் விழாதபடி ஒருநாள் வெயிலில் வைத்தபின் அதில் ஏற்றுக.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுத்தமான உப்பு, காற்றின் ஈரம் எழுபத்தைந்து பங்கைத் தாண்டினால்தான் கசியும். உப்பளத்திலிருந்து புதிதாய் வந்த கல்லுப்பிலோ மக்னீசியம் சேர்ந்த கசப்பு உப்புகள் கலந்திருக்கும். அவை அதற்கு வெகு முன்னதாகவே ஈரத்தை இழுக்கும். ஐப்பசி அடைமழையில் சில வீட்டு வற்றல் துவண்டுபோவதும், சில வீட்டு வற்றல் அப்படியே இருப்பதும் பெரும்பாலும் இதனால்தான். குவியலில் பல மாதம் கிடந்து நீர் வடிந்த பழைய உப்பே வற்றலுக்கு உத்தமம். உப்பை வறுப்பதால் கசப்பு உப்பு போய்விடாது. ஈரம் மட்டுமே போகும்.

உலர்ந்த காயின்மேல் வெண்மையாய்ப் படிவதைக் கண்டு சிலர் பயப்படுகிறார்கள். சிலர் பயப்படவேண்டியதைக் கண்டும் உப்பென்று துடைத்துவிடுகிறார்கள். உப்புப் பூத்தது மணல்போல் கடினமாயிருக்கும், நீர் பட்டால் கரையும், மணமிராது. பூசணம் பஞ்சுபோல் மெத்தென்றிருக்கும், நீரில் கரையாது, முடை நாற்றம் வீசும். பூசணம் பிடித்ததைக் கழுவி மறுபடி உலர்த்தி விற்பது பெரும் தீங்கு. சில பூசணங்கள் உண்டாக்கும் அஃப்ளடாக்ஸின் என்னும் விஷம் ஈரலைக் கெடுத்துப் புற்றுநோயையும் விளைவிக்கக் கூடியது. வெயிலாலும் வறுப்பதாலும் அது நீங்குவதில்லை. அத்தகைய சரக்கை மாட்டுக்கும் போடவேண்டாம். விஷம் பாலில் இறங்கும்.

நார்த்தங்காயும் பிறவும்

நார்த்தங்காயைச் சுருளாய் அரிந்து, உப்பை அடைத்து, ஜாடியிலிட்டுத் தினமும் குலுக்கி, பிறகு பகலில் வெயிலும் இரவில் அதன் உப்பு நீருமாக மாறிமாறி வைத்து வற்றவிடுவது, மோர்மிளகாயின் முறையேதான். மோருக்குப் பதில் பழத்தின் சொந்தப் புளிப்பு வேலை செய்கிறது. உப்பும் புளிப்பும் மிகுதியாதலால் புதிதாய்த் தொடங்குவோர் முதலில் இதிலேயே கைபழகலாம். எலுமிச்சைக்கும் இதே விதி. மாங்காயை உப்பிலிட்டு உலர்த்துவதும் கஷ்டமன்று. சுண்டைக்காயை நசுக்காமல் போடலாகாது. கொத்தவரையை உப்பு நீரில் ஒரு கொதி விட்டு எடுத்தபின் மோரில் போட்டால் நிறமும் நிற்கும், விரைவிலும் உலரும்.

எண்ணெயிட்ட ஊறுகாயை உலர்த்திப் பொடியாக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. எண்ணெய் வெயிலில் ஆவியாய்ப் போவதில்லை. காயை மூடிக்கொண்டு உள்ளீரத்தையும் வெளியே விடாது. பரப்பி வைத்தால் காற்றுப்பட்டுச் சிக்கு நாற்றம் அடிக்கும். பொடி வேண்டுவோர் தாளித்து எண்ணெய் ஊற்றுவதற்கு முன்னுள்ள உப்புப் பக்குவத்திலேயே காயை எடுத்து உலர்த்தி இடித்துக்கொள்ள வேண்டும்.

சங்கத்தில் சேர்க்கும்போது

தனி வீட்டு ஜாடியில் கெட்டது அந்த ஜாடியோடு போகும். பலர் சரக்கையும் ஒன்றாய்க் கொட்டிக் கட்டும் சங்கத்தில் அப்படியன்று. ஒருவரது சரக்கின் ஈரத்தை மற்றெல்லாருடைய சரக்கும் வாங்கிக்கொள்ளும். சரியாய் உலர்த்தியவரும் சேர்ந்தே நஷ்டப்படுவார். ஆகவே சரக்கை ஏற்கும்போது உலர்ந்த எடையை மட்டும் பதியாமல், பச்சை எடை, உப்பு, மோர் ஆகியவற்றையும் அங்கத்தினர் நோட்டிலிருந்து பதிந்துகொண்டு, கணக்குப்படி வரவேண்டிய முடிவு எடைக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் அதிகமிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவதென்று ஒரு விதி செய்துகொள்ளலாம். உலர்ந்த எடைக்கே பணம் தருவதால் ஈரமாய்க் கொண்டுவருபவருக்கு லாபமும், நன்றாய் உலர்த்துபவருக்கு நஷ்டமும் ஏற்படுகிறது. இந்த விதி அக்கோணலையும் நிமிர்த்தும். திருப்பி அனுப்பப்பட்டவர் மனம் நோகாதபடி, சங்கக் கட்டடத்து மாடியிலேயே இரண்டு கட்டில் போட்டு வைத்திருந்தால், அன்றைக்கே அங்கே பரப்பிவிட்டுப் போகலாம்.

விலை நிர்ணயிப்பதிலும் முடிவு எடை உதவும். கிலோவுக்கு 100 கிராம் உப்பிட்டால் ஒரு கிலோ மோர்மிளகாய்க்குப் பச்சை மிளகாய் 3 கிலோ 680 கிராம் ஆகும். பச்சை மிளகாய் கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் காய்ச் செலவு மட்டும் 74 ரூபாய். 60 கிராமே உப்பிட்டால் முடிவு எடை 228 கிராமாகக் குறைவதால் 4 கிலோ 390 கிராம் பச்சை மிளகாய் வேண்டும். செலவு 88 ரூபாய். மோரும் இரண்டு லிட்டருக்குமேல் ஆகும். உப்புக் குறைந்த சரக்குக்கு விலை ஏன் அதிகம் என்று கேட்பவர்களுக்கு, குறைந்தது உப்பின் எடை, கூடியது மிளகாயின் எடை என்று விளக்கிச் சொல்லலாம். விற்பனைக்குச் செய்வோர் 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். உப்பின் அளவையும் கட்டிய தேதியையும் பையின்மேல் எழுதுவது வாங்குவோருக்கும் உபகாரம், நமக்கும் பாதுகாப்பு.

எங்கள் ஊரில் மறுவருஷம் அந்த ஏழு பேரில் நாலு பேரே மறுபடி போடச் சம்மதித்தார்கள். இம்முறை 8 கிலோ மட்டும் போட்டோம். ஒவ்வொன்றும் கீறியது, உப்பு கிலோவுக்கு 70 கிராம். கணக்குப்படி வரவேண்டிய எடை 1 கிலோ 910 கிராம். ஆறாம் நாள் தராசு 2 கிலோ 300 கிராம் காட்டியது. அன்றைக்கும் அது சலசலவென்றே ஒலித்தது. மேலும் நான்கு நாள் வெயிலில் போட்டு 1 கிலோ 930 கிராமில் எடுத்துக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்தோம். ஐப்பசி மழையில் ஒரு ஜாடியைத் திறந்து பத்துக் காய் உடைத்துப் பார்த்தோம், விதை உதிர்ந்தது. மீதி ஜாடிகளைக் கார்த்திகைச் சந்தைக்கு எடுத்துப்போனார்கள்.